அப்பப்பா அமெரிக்கரானாரா? இத்தாலியக் குடியுரிமைக்காக மூதாதையரின் பதிவைத் தேடும் வழி

யாழ்ப்பாணத்தில் இத்தாலி என்றால் பலருக்கும் பலர்மோதான் நினைவுக்கு வரும். எங்கள் ஒழுங்கைப் பிள்ளைகள் சிலரும் அங்கே இருக்கிறார்கள். அதனால் நான் இத்தாலியக் குடியுரிமைக்குப் பத்திரம் தேடுகிறேன் என்றவுடன், “பத்து வருடம் முடிந்துவிட்டதா?” என்றுதான் கேட்பார்கள். அது அங்கே வசித்துப் பெறும் குடியுரிமை. நான் எழுதப்போவது இரத்தவழிக் குடியுரிமை. இத்தாலியில் பிறந்து வேறு நாட்டுக்குப் போனவரின் பிள்ளைகளும் பேரப்பிள்ளைகளும் கேட்பது அது.

நான் கச்சேரியில் பிறப்பு, விவாக, இறப்புப் பதிவுப் பகுதியில் எழுதுவினைஞராக இருந்து ஓய்வு பெற்றவள். மகள் நியூ ஜேர்சியில் இருக்கிறாள். மருமகனின் அப்பப்பா 1902இல் வட இத்தாலியின் பியெல்லாப் பகுதியில் பிறந்து, 1923இல் கப்பலேறி, பற்றர்சன் நகரின் பட்டு ஆலைகளில் வேலை செய்தவர். பிள்ளைகள் இருவரும் வேலைக்கு ஓடுகிறவர்கள். பத்திரம் தேடும் வேலையை என்னிடம் தாருங்கள் என்று நானே கேட்டு வாங்கினேன். கொக்குவிலில் இருந்துகொண்டே, இணையத்திலும் தொலைபேசியிலும் பெரும்பகுதியை முடித்தேன். இதைச் செய்து தருவதற்கு முகவர்கள் கேட்கும் தொகை மலைக்க வைக்கிறது. பொறுமையும் எழுத்துத் தெளிவும் உள்ள எவரும் இதைச் செய்யலாம். நம் பிள்ளைகள் எத்தனையோ நாடுகளில் எத்தனையோ இனத்தவரை மணம் முடித்திருக்கும் காலம் இது. இது யாராவது ஒரு வீட்டுக்கு உதவும்.

முதலில் சட்டம். அதைத் தெரியாமல் தேடினால் எந்தத் தாள் வேண்டும் என்பதே தெரியாது. 1992 ஓகஸ்ட் 16க்கு முன்பு ஓர் இத்தாலியர் தானாக விரும்பி வேறு நாட்டுக் குடியுரிமை எடுத்துக்கொண்டால் இத்தாலியக் குடியுரிமை போய்விடும். ஆகவே அவர் அமெரிக்கக் குடியுரிமை எடுத்தாரா, எடுத்தால் எந்தத் திகதியில், பிள்ளை பிறப்பதற்கு முன்பா பின்பா என்பதுதான் முழு விடயமும். 2025 மார்ச் 28இல் வந்த அவசரச் சட்டம் அதே ஆண்டு மே மாதம் 74ஆம் இலக்கச் சட்டமாகியது. அதன் பிறகு கதவு இன்னும் ஒடுங்கிவிட்டது. பூட்டன், ஓட்டன் என்று எத்தனை தலைமுறையும் பின்னே போகலாம் என்ற நிலை மாறியது. இப்போது முக்கியமான வழி: தாய் தகப்பனில் ஒருவரோ, பாட்டன் பாட்டியில் ஒருவரோ இத்தாலியக் குடியுரிமை ஒன்றை மட்டுமே வைத்திருப்பவராக இருக்க வேண்டும், இறந்திருந்தால் இறக்கும்போது அப்படி இருந்திருக்க வேண்டும். தாயோ தகப்பனோ இத்தாலியக் குடியுரிமை பெற்ற பின், பிள்ளை பிறக்கும் முன், தொடர்ந்து இரண்டு வருடம் இத்தாலியில் வசித்திருந்தால் அதுவும் ஒரு வழி. அந்த மார்ச் 27 நள்ளிரவுக்கு முன் விண்ணப்பித்தவர்களுக்குப் பழைய விதியே.

“இத்தாலியக் குடியுரிமை மட்டுமே” என்ற நிபந்தனையால் குடியுரிமைப் பதிவுகளின் பெறுமதி முன்பை விடக் கூடிவிட்டது. அவர் வேறு குடியுரிமை எடுக்கவே இல்லை என்று காட்ட வேண்டும்.

மருமகனின் வீட்டில் எல்லோரும் ஒரே குரலில் சொன்னது, “அப்பப்பா அமெரிக்கக் குடியுரிமை எடுத்தவர், பத்திரம் சுவரிலேயே தொங்கியது” என்பதுதான். சம்பந்தியம்மா அந்தப் பத்திரம் போட்ட படச்சட்டகத்தை அலுமாரியிலிருந்து எடுத்துக் கைத்தொலைபேசியில் படம் பிடித்து அனுப்பினார். மஞ்சளடித்த தாள். இடப்பக்கத்தில் கழுத்துப்பட்டி கட்டிய ஓர் இளைஞரின் சிறிய படம், பக்கத்தில் சாய்வான கையெழுத்து. உயரம், நிறை, தலைமயிரின் நிறம், வந்த கப்பலின் பெயர், இறங்கிய துறைமுகம், மனைவியின் பெயர், தொழில் எல்லாம் தட்டச்சில். கீழே நீதிமன்ற எழுத்தரின் முத்திரை, 1934ஆம் ஆண்டு. படத்தில் இருப்பவரின் புருவமும் காதும் அப்படியே என் மருமகனுடையவை. ஆனால் தலைப்பைப் பெரிதாக்கிப் படித்தபோது அது குடியுரிமைச் சான்றிதழ் அல்ல என்பது தெரிந்தது. அது விருப்ப அறிவிப்பு. அமெரிக்காவில் முதற் பத்திரம் என்று அழைக்கப்படுவது. இத்தாலிய மன்னர் மூன்றாம் விக்தோர் எம்மானுவேலுக்கான விசுவாசத்தை இனிமேல் துறப்பதே தன் எண்ணம் என்று அதில் எழுதியிருந்தது. எண்ணத்தைத் தெரிவிப்பதால் குடியுரிமை போகாது. ஒரு குடும்பம் முழுவதும் தலைமுறையாக அதைச் சான்றிதழ் என்றே நம்பியிருக்கிறது. அந்தத் தாளை நான் இன்றும் மதிப்போடுதான் பார்க்கிறேன். அந்தக் குடும்பத்தின் தேடல் முழுவதும் அதிலிருந்துதான் தொடங்கியது.

அமெரிக்காவில் அந்தக் காலத்தில் குடியுரிமைக்கு மூன்று படிகள். முதலில் விருப்ப அறிவிப்பு. 1929இன் நடுப்பகுதிக்குப் பிறகு இதில் படமும் ஒட்டுவார்கள். ஆகக் குறைந்தது இரண்டு வருடம் கழித்து, ஏழு வருடத்துக்குள், நாட்டில் ஐந்து வருடம் வசித்திருந்தால் மனு. மனு ஏற்கப்பட்டு நீதிமன்றத்தில் சத்தியப் பிரமாணம் செய்த பிறகு சான்றிதழ். முதற் படியோடு நின்றவர்கள் ஏராளம். மனுக் கொடுத்தும் நிராகரிக்கப்பட்டவர்களும் உண்டு. குடியுரிமை மாறும் நாள் சத்தியப் பிரமாணம் செய்த நாள்தான். மனுவின் திகதியைப் பார்த்து முடிவுக்கு வந்துவிடாதீர்கள்.

தேடத் தொடங்கும்போது ஒரு தாளில் அவரின் வாழ்க்கையை ஆண்டுவாரியாக எழுதுங்கள்: பிறந்த ஊர், பிறந்த திகதி, கப்பல், வந்த ஆண்டு, விவாகம், ஒவ்வொரு பிள்ளையின் பிறப்பு, குடியிருந்த ஒவ்வொரு முகவரி, இறப்பு. முகவரி ஏன் என்றால், அவர் குடியிருந்த கவுண்டியின் நீதிமன்றத்தில்தான் பெரும்பாலும் மனு இருக்கும். கவுண்டி என்பதை நம் மாவட்டம் போல எண்ணிக்கொள்ளலாம்.

அடுத்தது குடிசன மதிப்பீட்டுத் தாள்கள். அமெரிக்காவில் பத்து வருடத்துக்கு ஒரு முறை எடுத்த இந்தத் தாள்களை 72 வருடம் கழித்துப் பொதுமக்களுக்குத் திறந்துவிடுகிறார்கள். 1950ஆம் ஆண்டுத் தாள்கள் 2022 ஏப்ரலில் வெளிவந்தன. ஃபமிலிசேர்ச் என்ற வம்சாவளிப் பதிவுகளின் இணையத்தளத்தில் கணக்குத் திறந்தால் கட்டணமில்லாமல் பார்க்கலாம். 1900 முதல் 1940 வரையான தாள்களில் வெளிநாட்டில் பிறந்தவரின் பெயருக்கு நேரே ஈரெழுத்துக் குறி ஒன்று இருக்கும்: ‘என்.ஏ.’ என்றால் குடியுரிமை எடுத்தவர், ‘பி.ஏ.’ என்றால் முதற் பத்திரம் மட்டும் எடுத்தவர், ‘ஏ.எல்.’ என்றால் அந்நியர். 1920ஆம் ஆண்டுத் தாளில் குடியுரிமை எடுத்த ஆண்டையும் கேட்டிருக்கிறார்கள். எங்கள் அப்பப்பாவுக்கு 1930இல் ‘ஏ.எல்.’, 1940இல் ‘பி.ஏ.’. 1934 அறிவிப்போடு அப்படியே பொருந்தியது. ஆனால் வாசலுக்கு வந்தவரிடம் வீட்டில் நின்ற யாரோ சொன்ன விடை இது. பக்கத்து வீட்டுக்காரரும் சொல்லியிருக்கலாம். எந்தத் திசையில் தேட வேண்டும் என்று இது காட்டும், அவ்வளவுதான்.

பெயர் விடயத்தில் நம்மவர்களுக்கு இயல்பான அனுபவம் இருக்கிறது. கச்சேரியில் ஒரே ஆளின் பெயர் பிறப்புப் பதிவில் ஒரு விதமாகவும் விவாகப் பதிவில் இன்னொரு விதமாகவும் அடையாள அட்டையில் மூன்றாவது விதமாகவும் வருவதைக் காலம் முழுதும் பார்த்தவள் நான். இத்தாலியருக்கும் அதே நிலைதான். ஜுசெப்பே ஜோசப் ஆவார், வின்சென்சோ ஜேம்ஸ் ஆவார், குடும்பப் பெயரின் கடைசி உயிரெழுத்து உதிர்ந்துவிடும், இரட்டை மெய் ஒற்றையாகும். கண்ணில் படும் ஒவ்வொரு வடிவத்தையும், எந்தத் தாளில் கண்டது என்ற குறிப்போடு ஒரே பட்டியலில் சேர்த்துக்கொண்டே போங்கள். பிறந்த திகதியும் தாளுக்குத் தாள் ஒன்றிரண்டு நாள் முன்பின்னாக இருக்கும், அதையும் சேருங்கள். இந்தப் பட்டியல்தான் பிற்பாடு உங்களைக் காப்பாற்றும்.

கப்பல் பயணிகள் பட்டியலையும் எடுத்துப் பாருங்கள். நியூயோர்க் துறைமுகத்தில் இறங்கியவர்களின் பட்டியல்கள் எல்லிஸ் தீவுத் தரவுத்தளத்தில் இருக்கின்றன. சிலரின் பெயருக்கு மேலே அல்லது பக்கத்தில் பிற்காலத்தில் வேறு கையெழுத்தில் இலக்கமும் திகதியும் எழுதப்பட்டிருக்கும். குடியுரிமை விண்ணப்பம் வந்ததும், இவர் உண்மையில் இந்தக் கப்பலில் வந்தாரா என்று சரிபார்த்த அதிகாரி போட்ட குறி அது. விண்ணப்பித்தார் என்பதற்கு அடையாளம். முடித்தார் என்பதற்கு அல்ல.

இப்போது நீதிமன்றங்கள். 1906 செப்டெம்பர் 27க்கு முன்பு ஊர், மாநில, மத்திய நீதிமன்றம் எதிலும் குடியுரிமை எடுக்கலாம். வோஷிங்டனுக்குப் பிரதி போகாது. படிவமும் ஒரே மாதிரி இராது. அந்தத் திகதிக்குப் பிறகு ஒரே படிவம், ஒரு பிரதி மத்திய அரசுக்கு. உங்கள் ஆள் அதற்கு முன் எடுத்தவராக இருந்தால் நீதிமன்றப் பதிவை விட்டால் வேறு கதியில்லை. பின்பு எடுத்தவராக இருந்தால் இரண்டு இடத்தில் தேடலாம், தேடவும் வேண்டும்.

கவுண்டி நீதிமன்றப் பதிவுகளுக்குக் கவுண்டி எழுத்தர் அலுவலகத்துக்கு எழுதுங்கள். பழைய புத்தகங்கள் மாநில ஆவணக் காப்பகத்துக்குப் போயிருக்கலாம். நியூ ஜேர்சியின் காப்பகம் ட்ரென்ரனில் இருக்கிறது. மத்திய நீதிமன்றப் பதிவுகளுக்குத் தேசிய ஆவணக் காப்பகத்தின் பிராந்தியக் கிளையைக் கேட்க வேண்டும். நியூ ஜேர்சிக்கு அது நியூயோர்க் நகரக் கிளை. நான் முதலில் மின்னஞ்சல் அனுப்பி, பதில் வராவிட்டால் தொலைபேசியில் பேசினேன். அங்கே காலை ஒன்பது மணிக்கு அலுவலகம் திறக்கும்போது இங்கே கோடையில் மாலை ஆறரை, குளிர்காலத்தில் ஏழரை. விளக்கேற்றிவிட்டு உட்கார்ந்து பேசச் சரியான நேரம். கேட்கும்போது, “தேடிப் பாருங்கள், இல்லாவிட்டால் இல்லை என்று எழுத்தில் தாருங்கள்” என்று இரண்டையும் ஒரே கடிதத்தில் கேளுங்கள். எந்தெந்தப் பெயர்களில், எந்த ஆண்டிலிருந்து எந்த ஆண்டு வரை தேடினார்கள் என்பது அந்த ‘இல்லை’ கடிதத்தில் இருக்க வேண்டும்.

அடுத்து யூஎஸ்சிஐஎஸ் எனப்படும் அமெரிக்கக் குடியுரிமை, குடிவரவுச் சேவை. இங்கேதான் அதிகம் பொறுமை வேண்டும். 2008இலிருந்து வம்சாவளிப் பிரிவு ஒன்றை நடத்துகிறார்கள். 1906 செப்டெம்பர் 27 முதல் 1956 மார்ச் வரையான குடியுரிமைச் சான்றிதழ்க் கோப்புகள், அதாவது ‘சி’ கோப்புகள், அவர்களிடம் இருக்கின்றன. முதலில் ஜி-1041 என்ற படிவத்தில், கோப்பு இருக்கிறதா என்று பெயர்ச் சுட்டியில் தேடச் சொல்ல வேண்டும். கோப்பு இருந்தால் இலக்கத்தைச் சொல்வார்கள். அந்த இலக்கத்தை வைத்து ஜி-1041ஏ படிவத்தில் பிரதி கேட்கலாம். 2024 ஏப்ரலில் மாற்றிய கட்டணப்படி இணையத்தில் ஒவ்வொன்றுக்கும் 30 டொலர், தாளில் அனுப்பினால் 80 டொலர். தேடப்படுபவர் பிறந்து நூறு வருடம் ஆகாவிட்டால் இறப்புச் சான்றும் வேண்டும். கணக்கை மருமகன் தன் பெயரில் திறந்தார். கடன் அட்டையும் அவருடையதுதான். விடை மாதக்கணக்கில் வரும். அதற்காகக் காத்திராமல் மற்ற இடங்களுக்கு எழுதிக்கொண்டே இருங்கள்.

எங்களுக்கு ‘சி’ கோப்பு எதுவும் வரவில்லை. வந்தது 1940ஆம் ஆண்டு அந்நியர் பதிவுப் படிவம். அந்த ஆண்டு ஓகஸ்ட் முதல் டிசெம்பர் வரை, குடியுரிமை எடுக்காத பதினான்கு வயதும் அதற்கு மேலும் ஆன எல்லோரும் தபால் கந்தோருக்குப் போய்ப் பதிய வேண்டும், விரல் அடையாளமும் வைக்க வேண்டும் என்று அமெரிக்கா சட்டம் போட்டது. இருபக்கப் படிவம். முதற் பத்திரத்துக்கு விண்ணப்பித்தீரா, எப்போது, எங்கே என்றும் அதில் கேட்டிருக்கிறார்கள். அப்பப்பாவின் விடை: ஆம், 1934, பற்றர்சன். ஒரு மனிதர் தானே கையெழுத்திட்டு, நான் இன்னும் அமெரிக்கர் அல்லர் என்று அரசாங்கத்துக்குச் சொல்லும் தாளை விட வேறென்ன சாட்சி வேண்டும்? மருமகனின் தகப்பனார் பிறந்த ஆண்டும் 1940தான். குடியுரிமை எடுத்தாரோ என்ற சந்தேகம் உள்ள எந்தக் குடும்பமும் இந்தப் படிவத்தைத் தேடாமல் விடக்கூடாது. 1944 ஏப்ரலிலிருந்து அந்நியர்களுக்கெனத் திறந்த ‘ஏ’ கோப்புகளையும் கேளுங்கள். அவற்றில் பல இப்போது தேசிய ஆவணக் காப்பகத்தின் கன்சாஸ் நகரக் கிளையில் இருக்கின்றன.

ஆனால் 1940இல் அந்நியர் என்றால், 1961இல் இறக்கும்போதும் அந்நியர் என்று ஆகிவிடுமா? ஆகாது. அதற்குத்தான் ‘பதிவு இல்லை’ என்ற சான்றிதழ் வேண்டும். யூஎஸ்சிஐஎஸ்ஸிடம் ஜி-1566 என்ற படிவத்தில் கேட்க வேண்டும். கட்டணம் 330 டொலர். உரிய தேடல் செய்தும் இந்தப் பெயரில் குடியுரிமைப் பதிவு எதுவும் காணப்படவில்லை என்று ஒப்பமிட்டுத் தருவார்கள். நான் முன்பு சொன்ன பெயர்ப் பட்டியல் உதவுவது இங்கேதான். நீங்கள் கொடுக்காத பெயரில் அவர்கள் தேட மாட்டார்கள். இத்தாலிய வடிவத்தை மட்டும் கொடுத்துச் சான்றிதழ் வாங்கினால், “ஜோசப் என்ற பெயரில் எடுத்திருந்தால்?” என்று துணைத்தூதரகத்தில் திருப்பி அனுப்பலாம். அப்போது மறுபடியும் 330 டொலர், மறுபடியும் மாதங்கள். எங்கள் பட்டியலில் இருந்த ஒவ்வொரு பெயரையும், ஒவ்வொரு பிறந்த திகதியையும் எழுதி, எல்லாம் சான்றிதழில் அச்சாகி வர வேண்டும் என்று கடிதத்திலும் கேட்டிருந்தேன். வந்ததும் எழுத்தெழுத்தாகச் சரிபார்த்தேன்.

இதன் அருமை இந்த மண்ணில் உள்ளவர்களுக்குச் சொல்லத் தேவையில்லை. 1995 இடப்பெயர்வுக்குப் பிறகு எத்தனை பேர் பத்திரம் ஏதுமின்றி எங்கள் கருமபீடத்துக்கு வந்தார்கள்! பிறப்புப் பதிவைத் தேடி, காணப்படவில்லை என்ற முடிவை எழுத்தில் பெற்ற பிறகுதான் உத்தேச வயதுச் சான்றிதழுக்கு விண்ணப்பிக்க முடியும். ‘இல்லை’ என்ற ஒரு வரியை ஒழுங்காக எழுதிக் கொடுத்தால் ஒரு மனிதருக்குக் கடவுச்சீட்டுக் கிடைக்கும். அந்த வரியை எழுதியவள் என்ற முறையில் சொல்கிறேன், அதைக் கேட்டு வாங்க வெட்கப்படவோ தயங்கவோ வேண்டாம்.

ஆள் குடியுரிமை எடுத்தவர்தான் என்று தெரிந்தால், முழுக் கோப்பையும் எடுத்துத் திகதிகளைச் சட்டத்தோடு ஒப்பிடுங்கள். அப்போது சட்டத்தரணி ஒருவரிடம் பேசாமல் பணம் செலவழிக்க வேண்டாம். அவர் சிறுவயதில் வந்தவரானால் அவரின் தகப்பனுடைய கோப்பில் பாருங்கள். பிள்ளைகள் தகப்பனோடு சேர்ந்தே குடியுரிமை பெற்றார்கள். 1922 செப்டெம்பர் 22க்கு முன் மனைவியும் கணவனோடு சேர்ந்தே மாறினாள். அவளுக்கெனத் தனிப் பத்திரம் இராது. முதல் உலகப் போரில் அமெரிக்கப் படையில் இருந்தவரானால் 1918ஆம் ஆண்டுச் சட்டப்படி முகாமிலேயே குடியுரிமை பெற்றிருக்கலாம். முகாம் இருந்த மாநிலத்தில் தேடுங்கள். தாய் வழியில், 1948 ஜனவரி 1க்கு முன் பிறந்த பிள்ளை மூலம் உரிமை கேட்பவர்கள் இத்தாலிய நீதிமன்றத்துக்குத்தான் போக வேண்டும்.

எல்லாம் கிடைத்தபின் முத்திரை வேலை. சாதாரணப் பிரதி செல்லாது; அத்தாட்சிப்படுத்திய பிரதி வேண்டும். அதன் மேல் அப்போஸ்தில் முத்திரை, அதாவது ஒரு நாட்டின் தாளை இன்னொரு நாட்டில் ஏற்க வைக்கும் அத்தாட்சி. மத்திய அரசின் தாள்களுக்கு, அதாவது யூஎஸ்சிஐஎஸ், தேசிய ஆவணக் காப்பகம் தந்தவற்றுக்கு, வோஷிங்டனில் உள்ள இராஜாங்கத் திணைக்களம்தான் அதைப் போடும். மாநிலத் தாள்களுக்கு அந்தந்த மாநிலம். நியூ ஜேர்சியில் அது மாநிலத் திறைசேரியின் வேலை. மாற்றி அனுப்பினால் திரும்பி வரும். பிறகு இத்தாலிய மொழிபெயர்ப்பு. பெயர் வேறுபாடு இருந்தால், இருவரும் ஒருவரே என்று காட்டும் தாள்களை ஒன்றின் கீழ் ஒன்றாக அடுக்கி வையுங்கள். 1934 அறிவிப்பில் அவரின் இரண்டு பெயர்களும் கப்பலின் பெயரும் ஒரே பக்கத்தில் இருந்தது எங்களுக்குப் பெரிய துணை.

இத்தாலியில் பிறந்ததற்கான பதிவு, பிறந்த ஊரின் கொமூனே எனப்படும் நகரசபையில் இருக்கும். பெற்றோர் பெயருடன் கூடிய பிறப்புச் சாற்று வேண்டும் என்று இத்தாலிய மொழியில் சுருக்கமாக எழுதுங்கள். ஊர் தெரியாவிட்டால் கப்பல் பட்டியலிலும் விருப்ப அறிவிப்பிலும் பாருங்கள். அன்ரெனாத்தி என்ற இத்தாலிய அரச ஆவணக் காப்பகத் தளத்தில் பழைய பதிவேடுகளின் பக்கங்களை இலவசமாகப் புரட்டலாம். எழுதும்போது பதிவு இலக்கத்தையும் சேர்த்துக் கொடுத்தால் அங்கே உள்ள எழுதுவினைஞருக்கு வேலை குறையும். உங்களுக்குப் பதில் விரைவாக வரும். அந்தக் கருமபீடத்துக்கு அந்தப் பக்கம் இருந்தவள் சொல்வது இது.

நம் பிள்ளைகள் விவாகத்தின் மூலம் பிறகு விண்ணப்பிக்க நினைத்தால் அதற்கு வேறு நிபந்தனை: வெளிநாட்டில் வசிப்பவர்களுக்கு விவாகம் முடிந்து மூன்று வருடம், பிள்ளை இருந்தால் அதில் பாதி, கூடவே இத்தாலிய மொழியில் பி-1 தரச் சான்றிதழ். மகள் இப்போதே மொழி படிக்கத் தொடங்கிவிட்டாள். அவளின் பிறப்புப் பதிவின் புதிய பிரதியைப் பிரதேச செயலகத்தில் நான் எடுத்துவிட்டேன். எடுத்தவுடன் தகப்பன் பெயரின் ஆங்கில எழுத்துக்கூட்டல் அவளின் கடவுச்சீட்டோடும் விவாகச் சான்றிதழோடும் ஒத்துப்போகிறதா என்று பார்த்தேன், நீங்களும் பாருங்கள். திருத்தம் வேண்டுமானால் மொழிபெயர்ப்புக்கும் வெளிவிவகார அமைச்சின் கொன்சியூலர் அத்தாட்சிக்கும் கொடுக்கும் முன்பே செய்துவிடுங்கள். அத்தாட்சி போட்ட பிறகு திருத்தினால் எல்லாவற்றையும் முதலிலிருந்து எடுக்க வேண்டும்.